குட்டை விரல் கையுறை

குளிர்ந்த வடகடலில் கிடக்கும் எங்கள் தீவுகளில் ஆட்டிறைச்சியைப் பதப்படுத்துவது நெருப்பு அல்ல, காற்று. இலையுதிர் காலத்தில் அறுத்த ஆட்டின் தொடைகளை, பலகைக்குப் பலகை இடைவெளி விட்டுக் கட்டிய கொட்டகையில் தொங்கவிடுவோம். கடற்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். கிறிஸ்துமஸுக்குள் இறைச்சி உண்ணத் தகுந்ததாகிவிடும். ஆனால் எல்லாத் தொடைகளும் அப்படி ஆவதில்லை. சிலவற்றின் மேற்புறம் முதல் வாரத்திலேயே அவசரமாகக் காய்ந்து ஓடுபோல் இறுகிவிடும். அதன் பிறகு எத்தனை நாள் காற்று வீசினாலும் அது உள்ளே புக வழியில்லை. வெளியே கெட்டியாகத்தான் தெரியும். கத்தியை வைத்தால் உள்ளே அழுகியிருக்கும்.

அவ்வாறு இறுகிப்போன ஒரு தொடை, பக்கத்தில் தொங்கிய தொடையைப் பார்த்து, “உனக்கு மட்டும் எங்கிருந்து இவ்வளவு நல்ல காற்று வருகிறது?” என்று கேட்டதாம். பக்கத்துத் தொடைக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லையாம். இரண்டும் ஒரே ஆட்டின் தொடைகள். தொங்கியதும் ஒரே கழியில்தான்.

எல்ஸ்பாவையும் சுன்னேவாவையும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொட்டகைதான் நினைவுக்கு வருகிறது.

ஹெலுவீக் ஊரில் ஓர் ஓடையின் இரு கரைகளில் அவர்களுடைய வீடுகள் எதிரெதிரே இருந்தன. புல் வேய்ந்த கூரை, ஒரு பசு, சிறிது உருளைக்கிழங்கு நிலம், மலைமேல் சில ஆடுகள்: இரு வீட்டிற்கும் உடைமை இவ்வளவே. எல்ஸ்பாவின் கணவன் பறவை பிடிப்பதற்காகச் செங்குத்துப் பாறையில் கயிற்றைப் பிடித்து இறங்கியபோது விழுந்து இறந்தான். அதற்கு அடுத்த குளிர்காலத்தில் சுன்னேவாவின் கணவனை நுரையீரல் காய்ச்சல் கொண்டுபோயிற்று. இருவருக்கும் ஒவ்வொரு மகன். எல்ஸ்பாவின் மகன் தோர்கில். சுன்னேவாவின் மகன் ஹைனி.

கணவனைப் புதைத்த மறு ஞாயிறே எல்ஸ்பா முதுகு நிமிர்ந்து ஆலயத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய பக்தியை ஊரே மெச்சிற்று. போதகர் பல ஊர்களுக்குப் பொதுவானவர்; எங்கள் ஊருக்கு எப்போதாவதுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ரஸ்முஸ் என்ற விவசாயி பிரசங்கப் புத்தகத்தை எடுத்து வாசிப்பார். பாட்டைத் தொடங்குவதும் அவரே. ஆனால் பாட்டைத் தாங்கி நடத்திச் செல்வது எல்ஸ்பாவின் குரல். ஞானப்பாட்டுகளின் எல்லாச் சரணங்களும் அவளுக்கு மனப்பாடம். பக்கத்தில் உட்காரும் சுன்னேவாவுக்கோ எதுவும் நினைவில் நிற்காது. ஒரு வரி முடிந்து அடுத்த வரி வருவதற்கு முன் அவள் திகைத்து நிற்பாள். எல்ஸ்பா முதற்சொல்லை எடுத்துக் கொடுப்பாள். இவள் அதைப் பற்றிக்கொண்டு போவாள். சிறுமிகளாய் இருந்த காலந்தொட்டு அது அப்படித்தான் நடந்துவந்தது.

எல்ஸ்பாவின் பக்தியில் ஒன்று மட்டும் ஊருக்குத் தெரியாமல் இருந்தது. அவள் ஆண்டவரோடு தனக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டிருந்தாள். கணவனை எடுத்துக்கொண்டீர், நான் வாய் திறக்கவில்லை; மகனைத் தொடக்கூடாது. அவளுடைய பொறுமைக்கு அடியில் இருந்தது அந்த நிபந்தனைதான். ஆண்டவர் அதற்குச் சம்மதித்தாரா என்று அவள் கேட்டுப் பார்க்கவில்லை.

தோர்கிலும் ஹைனியும் ஒன்றாக ஒரு மீன்பிடிக் கப்பலில் சேர்ந்தார்கள். ஐஸ்லாந்துப் பக்கத்துக் கடலில் மீன் பிடித்துத் திரும்பிய கப்பல், தெற்குத் தீவை நெருங்கியபோது புயலில் சிக்கி மூழ்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை.

சில வாரங்கள் கழித்துத் தெற்குத் தீவிலிருந்து ஒரு படகு ஒரு கத்தியைக் கொண்டுவந்தது. கரையொதுங்கிய ஓர் உடலின் இடுப்பில் இருந்த கத்தி அது. எங்கள் ஊரில் பையனுக்கு வயது வந்ததும் தகப்பன் அவனுக்கு ஒரு கத்தி கொடுப்பான். தகப்பன் இல்லாவிட்டால் தகப்பனுடைய கத்தி அவனுக்குப் போகும். முகத்தை மறந்தவர்கள்கூடக் கத்தியைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவார்கள். வந்த கத்திக்குத் திமிங்கிலப் பல்லில் செய்த பிடி. பித்தளை பதித்த உறையில் ஹைனியின் தகப்பனுடைய எழுத்துகள் இருந்தன. ஆகவே இறந்து ஒதுங்கியவன் ஹைனி என்று முடிவாயிற்று.

ரஸ்முஸ் சுன்னேவாவிடம் சொல்லிவிட்டு, ஓடையைத் தாண்டி எல்ஸ்பாவின் வீட்டுக்கு வந்தார்.

“சுன்னேவாவைக் கூட்டிக்கிட்டுப் போறேன். நீயும் வா, எல்ஸ்பா. முகம் அடையாளம் தெரியலையாம். எதுக்கும் ஒரு தடவை நீயும் பாத்துடு.”

“கத்தி யாருதுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல?”

“தெரிஞ்சுது. இருந்தாலும்...”

“ஆண்டவர் அவளுக்குக் குடுத்தாரு. எனக்குக் குடுக்கல. அவ வாங்கிக்கிறத நான் போய்ப் பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்கணுமா அண்ணே?”

“அப்படிப் பேசாத. அவர் யாருக்கு எத...”

“போய்ச் சொல்லுங்க உங்க ஆளுகிட்ட. எடுத்தவர் அவரு. வேணும்னா அவரே கொண்டாந்து காட்டட்டும்.”

படகு அவள் இல்லாமலே போயிற்று. அன்று மாலை அவள் தன் ஞானப்பாட்டுப் புத்தகத்தை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் வைத்தாள். மேசை ஆடாமல் நின்றது. அதற்குப் பின் அவள் ஆலயத்திற்குப் போகவில்லை.

துக்கம் நாளடைவில் வடிந்துவிடும் என்று ஊரார் நம்பினார்கள். வடிந்திருக்கவும் கூடும். ஆனால் எதிர்க்கரை வீட்டின் கதவு அவளுடைய ஜன்னலுக்கு நேரே இருந்தது. சுன்னேவாவுக்கு ஒரு கல்லறை இருந்தது, தனக்கு இல்லை. பெண்கள் பெண்களைப் பார்த்துப் பொறாமைப்படுவதற்கு உலகத்தில் எத்தனையோ காரணங்கள் உண்டு. எல்ஸ்பா பொறாமைப்பட்டது மண்ணால் மூடிய ஒரு குழியின்மேல்.

அந்த ஒன்றிலிருந்து மற்றவை எல்லாம் முளைத்தன. மழை வருவதற்குள் சுன்னேவா அறுத்த புல் காய்ந்துவிட்டால், அது யாருடைய தயவு என்று எல்ஸ்பாவுக்குத் தெரியும். சுன்னேவாவின் பசு பெண் கன்று ஈன்றது. எல்ஸ்பாவின் பசு காளைக் கன்று. “பாருங்க, அங்க எப்படிக் கவனிக்கிறாருன்னு” என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொள்வாள். சுன்னேவாவின் கூரை ஒரு பனிக்காலத்தில் பாதி பெயர்ந்து போயிற்று. அதை மட்டும் எல்ஸ்பா கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு கோடையிலும் சுன்னேவா தெற்குத் தீவுக்குப் போவாள். போகுமுன் ஓடைக்கரையில் மண்டிக்கிடக்கும் மஞ்சள் பூச்செடிகளை வேரோடு தோண்டி, ஈரம் காயாமல் ஒரு வாளியில் வைத்து எடுத்துக்கொள்வாள். இரண்டு நாளில் திரும்பி வருவாள். வரும்போது அவளுடைய முகம், நெடுநாள் சுமையை இறக்கிவைத்துவிட்டுக் குளித்து வந்தவள் முகம்போல் இருக்கும். அந்த முகத்தைத்தான் எல்ஸ்பாவால் தாங்க முடியவில்லை. புறப்படும் நாளில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். திரும்பும் நாளிலோ, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஜன்னலருகில் வந்து நிற்பாள்.

ஒரு கோடையில் சுன்னேவா செடி தோண்டிக்கொண்டிருந்தாள். எல்ஸ்பா எதிர்க்கரையில் கம்பளி அலசிக்கொண்டிருந்தாள்.

“இந்த வருஷம் நீயும் வாயேன்டி” என்றாள் சுன்னேவா. “ஹைனி பக்கத்துல உக்கார எடம் இருக்கு. தோர்கிலுக்கும் சேத்து ஒரு பாட்டுப் பாடிட்டு வருவோம். எனக்கு வேற பாதிப் பாட்டுல வரி மறந்துபோகுது. அங்க எடுத்துக் குடுக்க ஆளில்ல. தொண்டையக் கனைச்சிக்கிட்டு மறுபடியும் மொதல்லேருந்து தொடங்குறேன். அங்க இருக்கிற ஆடெல்லாம் என்னையே பாக்குது.”

எல்ஸ்பா சிரிக்கவில்லை. “உன் வீட்டு அடுப்புல வந்து நான் குளிர் காயணும்கிறியா?”

“என்னடி பேச்சு இது? அடுப்பா?”

“பின்ன? உனக்கு அடுப்பு இருக்கு, எரியுது. எனக்குக் குடுத்திருக்கிறது அதோ.” அவள் பிழிந்த கம்பளியால் கடலைக் காட்டினாள். “அதுல எங்க போய் உக்காரட்டும்? எங்க செடி வைக்கட்டும்?”

“அந்தத் தண்ணியிலயும் ஆண்டவர் இருக்காரு, எல்ஸ்பா.”

“இருந்தாரு. இருந்துதான் பாத்துக்கிட்டு நின்னாரு. அந்தப் பேர என் முன்னால எடுக்காத. உனக்கு அவரு சொந்தக்காரரு. எனக்கு அவரு யாரோ எவரோ.”

சுன்னேவா வாளியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு, “சரி, உனக்கும் சேத்து நானே பாடிட்டு வரேன், தப்பும் தவறுமா” என்று சொல்லிப் போனாள். அந்தச் சொல்லில் கோபம் இருந்திருந்தால் எல்ஸ்பாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இவ்வாறு ஆறேழு கோடைகள் போயின. ஓர் இலையுதிர் காலத்தில் ஒருநாள் பிற்பகல், கனத்த மழையில், தெற்குத் தீவுக்காரன் ஒருவன் எல்ஸ்பாவின் கதவைத் தட்டினான். பெயர் நிக்லாஸ். ரஸ்முஸிடம் ஒரு கிடா வாங்க வந்தவன்.

“அக்கா, உள்ள வரலாமா? சுன்னேவா அக்கா வீட்டுல தங்கலாம்னு வந்தேன். ஓடை பொங்கிப் போகுது. பலகைப் பாலத்தையே காணோம்.”

“கடலுக்குப் போயிருக்கும். இந்த ஊர்ல எல்லாம் அங்கதான் போகுது. உள்ள வா.”

மழையில் மாட்டியவனுக்கு இடமில்லை என்று சொல்லும் வழக்கம் எங்கள் தீவில் இல்லை. எல்ஸ்பாவின் கசப்பு அதுவரை எட்டவில்லை. அவனுடைய நனைந்த மேற்சட்டையையும் கையுறைகளையும் அடுப்பின்மேல் காயப்போட்டாள். உருளைக்கிழங்கும் காய்ந்த இறைச்சியும் வைத்தாள். அவன் வயிறார உண்டான்.

“நல்ல பதம் அக்கா. எங்க பக்கத்துல இந்த வருஷம் பாதி வீணாப்போச்சு. என் பொஞ்சாதி இருந்தவரைக்கும் தொட்டுப் பாத்தே சொல்லிடுவா. அவ போனப்புறம் நான் மோந்து பாத்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.”

மழை சற்று விட்டதும், படகை இன்னும் மேலே இழுத்துக் கட்ட வேண்டும் என்று எழுந்தான். அடுப்பின் மேலிருந்த கையுறைகளை எட்டி எடுத்தான். எடுத்தவற்றில் ஒன்று அவனுடையது. மற்றொன்று பக்கத்து ஆணியில் ஆண்டுக்கணக்காய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இடது கையில் மாட்டியவன் சிரித்தான்.

“இது என்ன அக்கா, சுண்டுவிரல் பாதி வழியிலயே நின்னுபோச்சு? பின்னும்போது நூல் தீந்துபோச்சா?”

“கழட்டு அத!”

அவன் சட்டென்று கழற்றிக் கொடுத்தான். அவள் வாங்கிக் கசங்கலை நீவிவிட்டாள்.

“என் பையனோடது. சின்ன வயசுல படகுக்கும் கல்லுக்கும் நடுவுல மாட்டி விரல் நுனி போயிடுச்சு. சாதாரணக் கையுறை போட்டா அந்த நுனி மட்டும் தொளதொளன்னு ஆடும். பிடிக்காது அவனுக்கு.”

நிக்லாஸின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. “இடது கையா, அக்கா?”

“இடது கைதான். பாத்தியே.”

“உங்க பையன்... அந்தக் கப்பல்ல போனவனா?”

அவள் தலையசைத்தாள். அவன் மீண்டும் பெஞ்சில் உட்கார்ந்தான். நனைந்த தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாய் எடுத்து வைத்தான்.

“அந்தப் பையனைக் கரையிலேருந்து தூக்கிட்டுப் போனது நான்தான். என் பொஞ்சாதிதான் தொடைச்சு விட்டா. கைக்கு மேல கை வைக்கும்போது சொன்னா, ‘பாரு, சுண்டுவிரல் நுனி இல்ல, ஆனா கடல் செஞ்சதில்ல இது, பழைய காயம், தோல் மூடியிருக்கு’ன்னு. கத்தியில பேர் இருந்துச்சு. அதனால அந்த ஹைனிக்கு விரல் அப்படித்தான் போலன்னு நெனச்சோம். பெத்தவகிட்டப் போய் விரலப் பத்திச் சொல்வானேன்னு விட்டுட்டோம்.”

“ஹைனிக்குப் பத்து விரலும் முழுசு” என்றாள் எல்ஸ்பா.

“பெட்டிய மூடினப்புறம்தான் சுன்னேவா அக்கா வந்தாங்க. தொறக்க வேணாம், பாக்கிற மாதிரி இல்லன்னு பெரியவங்க சொன்னாங்க. அவங்களும் கேட்டுக்கிட்டாங்க. இன்னொரு தாய் வரும், வந்து கேட்டா தொறக்கணும்னு சாயங்காலம் வரைக்கும் ஆணி அடிக்காம வச்சிருந்தோம். அந்த அம்மா வரல.”

“அந்த அம்மா நான்தான்.”

கப்பல் மூழ்கிய ஆண்டின் வசந்தத்தில், தோர்கில் ஒருநாள் இடுப்பில் ஹைனியின் கத்தியோடு வீட்டுக்கு வந்தது அவளுக்கு நினைவு வந்தது. ஏன் என்று கேட்டதற்கு, “சும்மா மாத்திக்கிட்டோம்மா. கடல்ல ஒருத்தன் கத்திய ஒருத்தன் வச்சிருந்தா ரெண்டு பேரும் சேந்து திரும்பி வருவோம்ல” என்று சிரித்தான். “அப்பா கத்திய எவனுக்கோ குடுப்பியா?” என்று அவள் அவனை அப்போதே திருப்பி அனுப்பி மாற்றி வாங்கிவரச் செய்தாள். கப்பலேறிய பிறகு அவர்கள் மறுபடியும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். கத்தியை நம்ப முடியாது என்பது ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. அன்று அவள் படகில் ஏறியிருந்தால் பெட்டியைத் திறக்கச் சொல்லியிருப்பாள். அவள் யார் சொல்லுக்கும் அடங்குபவள் அல்லள்.

இந்த நினைவு ஓர் ஊசிபோல் அவளுக்குள் இறங்க முயன்றது. அவள் விடவில்லை. ஆண்டவர் என்னிடமிருந்து ஒளித்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டாள்; என் பிள்ளையை அவளுக்குக் கொடுத்து என்னை இத்தனை வருஷம் ஜன்னலில் நிற்கவைத்தார். பிறகு வேறொரு எண்ணம் வந்தது. அது இனித்தது. இனி சுன்னேவாவுக்கு ஒன்றும் இல்லை.

நிக்லாஸ் அவள் முகத்தைத் தவறாகப் புரிந்துகொண்டான். “மெதுவாச் சொல்லணும் சுன்னேவா அக்காகிட்ட. தண்ணி வடிஞ்சதும் நானும் கூட வரேன்.”

“வேணாம். நானே சொல்றேன். சொல்ல வேண்டிய எடத்துல சொல்றேன். நீ வாயத் தொறக்காத.”

கிடாவோடு அவன் மறுநாள் காலையிலேயே படகேறினான்.

அந்த ஞாயிறு எல்ஸ்பா கறுப்பு உடை உடுத்தி ஆலயத்தின் கதவைத் திறந்து வந்தபோது, முதற்பாட்டு நடுவில் ஒரு கணம் நின்றுபோயிற்று. ரஸ்முஸின் குரல் தடுமாறியது. சுன்னேவா திரும்பிப் பார்த்தாள். அவளுடைய முகம் முழுவதும் ஒளி பரவிற்று. பக்கத்தில் இருந்தவர்களை நெருக்கித் தள்ளிப் பழைய இடத்தைக் காலிசெய்து, தன் புத்தகத்தை விரித்து இருவருக்கும் நடுவில் பிடித்தாள்.

“வந்துட்டியா” என்று கிசுகிசுத்தாள். “நல்லவேளை. ரெண்டாவது சரணமே இடிக்குது எனக்கு.”

எல்ஸ்பா பாடவில்லை. ரஸ்முஸ் பிரசங்கத்தை வாசித்து முடிக்கும்வரை மடியில் கைகளை மூடி வைத்திருந்தாள். அவர் புத்தகத்தை மூடியதும் எழுந்து நின்றாள்.

“எனக்கு ஒண்ணு சொல்லணும்.”

“கடைசிப் பாட்டு முடியட்டும், எல்ஸ்பா” என்றார் ரஸ்முஸ்.

“பாட்டுக்கு நான் வரலண்ணே. தெற்குத் தீவுல ஹைனின்னு பேர் போட்டுப் படுத்திருக்கிறது என் பையன். எடுத்துப் போட்ட ஆள் என் வீட்டுல உக்காந்து சொன்னான். இடது சுண்டுவிரலுக்கு நுனி இல்லையாம்.” அவள் கையுறையைத் தூக்கிக் காட்டினாள். “கத்திய மாத்திக்கிட்டாங்க பசங்க. இத்தன வருஷமா இவ என் பிள்ளைய வச்சுக்கிட்டுத்தான் இங்க உக்காந்து நன்றி சொல்லிக்கிட்டு இருந்திருக்கா.”

சுன்னேவா கையை நீட்டினாள். எல்ஸ்பா கையுறையைக் கொடுத்தாள். மறுப்பாள், சத்தம்போடுவாள், இருக்காது என்பாள் என்று எதிர்பார்த்திருந்தாள். அதற்கெல்லாம் பதில் தயாராக இருந்தது. சுன்னேவா அந்தக் குட்டை விரலைத் தன் விரல்களால் தடவினாள்.

“அன்னைக்கு நீ மலைமேல பால் கறக்கப் போயிருந்த” என்றாள் மெதுவாக. “நான்தான் என் தலைத்துணியக் கிழிச்சுக் கட்டினேன். அழவே இல்ல அவன். ‘அம்மாகிட்டச் சொல்லிடாதீங்க அத்தை’ன்னான்.”

பிறகு அவள் முகத்தில் ஒன்று சரிந்தது. பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப என் ஹைனி இன்னும் தண்ணியிலதான் இருக்கான்.”

இதைக் காணத்தான் எல்ஸ்பா வந்தாள். கண்டுவிட்டாள். சுன்னேவா வாய்விட்டு அழுதாள். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ரஸ்முஸ் மேடையை விட்டு இறங்கி எல்ஸ்பாவின் அருகில் வந்து, தாழ்ந்த குரலில், “இத ஓடைக்கரையில சொல்லியிருக்கலாம், தாயே” என்றார். “இத்தன வருஷம் கழிச்சு இங்க வந்தது ஆண்டவரப் பாக்கவா, அவளைப் பாக்கவா?”

“ரெண்டு பேரையும்தான். ரெண்டு பேரும் சேந்துதான செஞ்சாங்க.”

அப்போது சுன்னேவா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை. கையுறையை எல்ஸ்பாவின் கையில் வைத்து மூடினாள்.

“எடுத்துக்க. உன் பிள்ளை. நல்லாப் பாத்துக்கிட்டேன்டி அவனை. குறை வைக்கல.” மூச்சு வாங்கினாள். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ போறப்ப என்னையும் கூட்டிக்கிட்டுப் போ. வழி காட்டிட்டு, அவன்கிட்டச் சொல்லிக்கிட்டு வந்துடறேன்.”

“படகு என்னுது இல்ல. ரஸ்முஸ் அண்ணனக் கேளு” என்றாள் எல்ஸ்பா.

காற்று தணிந்த ஒரு நாளில் மூவரும் புறப்பட்டார்கள். படகில் ரஸ்முஸ் நடுவில் உட்கார்ந்தார்; பெண்கள் இருவரும் ஒவ்வொரு முனையில். சுன்னேவாவின் காலடியில் வழக்கமான வாளி இருந்தது. பூக்காலம் கடந்துவிட்டதால் அதில் வெறும் இலையும் வேருமாகச் செடிகள். போகும் வழியில் அவள் படகின் ஓரமாய்க் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் இந்தப் பயணத்தில் அவள் கரையைத்தான் பார்ப்பாள் என்று ரஸ்முஸ் பின்னர் சொன்னார்.

கல்லறைத் தோட்டம் கடலைப் பார்த்த ஒரு சரிவில் இருந்தது. சுற்றிலும் தாழ்ந்த கல் மதில். அதற்கு ஒரு மரக்கதவு. நிக்லாஸ் முன்னதாகவே பழைய சிலுவையை எடுத்துவிட்டு, தோர்கிலின் பெயர் செதுக்கிய புதிய சிலுவையை நட்டு வைத்திருந்தான். எல்லாம் எல்ஸ்பா சொல்லியனுப்பியபடி நடந்திருந்தது.

கதவருகில் சுன்னேவா நின்றுவிட்டாள்.

“மதில் ஓரமா மூணாவது. நீ போ. இனிமே அது உன் வீடு. நான் இங்க இருக்கேன். கூப்பிட்டா வரேன்.” வாளியை நீட்டினாள். “இத நட்டுடு. இந்தச் செடிக்கு ஈரம் வேணும். கால்மாட்டுல ஒரு சின்ன ஊத்து இருக்கு, அதுல வை. நம்ம ஓடைச் செடிதான்.”

எல்ஸ்பா வாளியை வாங்கிக்கொண்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மேட்டைச் சுற்றி வெண்சங்குகள் வரிசையாய்ப் பதிக்கப்பட்டிருந்தன. புல் கத்தியால் ஒட்ட அறுக்கப்பட்டிருந்தது. கால்மாட்டில் ஓடைக்கரையின் செடிகள் தழைத்துப் பரந்திருந்தன. இத்தனை கோடைகளாக எதிர்க்கரையிலிருந்து பெயர்த்து வரப்பட்டவை தன் மகனுக்கு வந்திருக்கின்றன. மேட்டின் ஓரத்தில் புல் முளைக்காத சிறு பள்ளங்கள் இரண்டு இருந்தன. முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. அவை முழங்கால்கள் பதிந்த இடங்கள்.

அவள் மண்டியிடவில்லை. மண்டியிட்டால் அந்தப் பள்ளங்களில்தான் மண்டியிட வேண்டியிருக்கும். நின்றபடியே காத்திருந்தாள். சுன்னேவா இங்கிருந்து ஒவ்வொரு கோடையும் முகத்தில் ஏந்திவந்தது எதுவோ, அது இந்த மண்ணில்தான் இருந்தது என்று அவள் நம்பியிருந்தாள். அது தனக்குள் ஏறட்டும் என்று நின்றாள். காற்று புல்லைக் கோதிற்று. ஓர் ஆடு மதிலுக்கு மேலாகத் தலையை நீட்டி அவளைப் பார்த்தது. அவளுடைய மகன் அவள் காலடியில் இருந்தான். அவள் கண்ணில் ஒரு துளி வரவில்லை.

இங்கேயும் எனக்கு ஒன்றும் வைக்கவில்லை என்று அவள் வானத்தைப் பார்த்தாள். எல்லாவற்றையும் முன்னமே அவளிடம் கொடுத்துத் தீர்த்துவிட்டீர்.

அப்போது மதிலுக்கு வெளியிலிருந்து பாட்டு எழுந்தது. எங்கள் ஞானப்பாட்டுகள் மெதுவானவை. ஒரு சொல்லைப் பாடி முடிக்க ஓர் அலை கரைக்கு வந்து திரும்பிவிடும். சுன்னேவா மதிலுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நின்றிருந்தாள். குரல் உடைந்து உடைந்து வந்தது. அவளுக்கு இனி உட்கார இடமில்லை, செடி நட மண்ணில்லை. அந்தப் பரந்த தண்ணீரை நோக்கி அவள் பாடினாள்:

*அலைகளின் மேல் நடந்தவரே,
ஆழத்திலும் நடந்தருளும்...*

எல்ஸ்பா தன் மகனின் கல்லறைமேல் நின்று அதைக் கேட்டாள். வேண்டியது அவளுக்குக் கிடைத்துவிட்டது. சுன்னேவாவிடமிருந்து எடுக்கக்கூடிய அனைத்தையும் எடுத்தாயிற்று. ஆயினும் அந்தக் கணத்தில் அவள், மதிலுக்கு வெளியே வெறுங்கையோடு நின்றவளைப் பார்த்து, வாழ்க்கையில் எப்போதும் இல்லாத அளவுக்குப் பொறாமைப்பட்டாள்.

இரண்டாவது வரியின் முடிவில் பாட்டு நின்றது. சுன்னேவா தொண்டையைக் கனைத்தாள். அந்த வரியையே திரும்பப் பாடினாள். மறுபடியும் நின்றாள். அடுத்த வரி அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

எல்ஸ்பாவுக்கு வந்தது. கேளாமலே வந்தது, முதற்சொல் நாக்கின் நுனியில் வந்து நின்றது. மதில் இடுப்பளவுதான். ஒரு சொல் போதும், வெளியே நிற்பவள் பற்றிக்கொள்வாள். மீதியைத் தானே பாடிக்கொள்வாள். மதிலுக்கு அப்பால் சுன்னேவாவும் தலையைச் சற்றுச் சாய்த்து நின்றாள், பழக்கத்தினால்.

எல்ஸ்பா பற்களை இறுகக் கடித்துக்கொண்டாள்.

அந்த வரி வரவேண்டிய நேரம் முழுவதும் கடல் இரைந்தது. பிறகு சுன்னேவா முதலிலிருந்து தொடங்கினாள்.